மூடின சிப்பியை வைத்து ஆள் எடுக்க முடியாது

போன மாதம் இங்கே ஒரு கிளியரிங் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். அவர்களுடைய இணையதளத்தில் கண்டெய்னர் எண்ணைப் போட்டால் சரக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று தெரியும். அதை எழுதிக்கொடுத்தவர் வேறு வேலைக்குப் போய்விட்டார், புது ஆள் தேடுகிறார்கள். "தம்பி, பத்து வருச அனுபவம்னு போட்டிருக்காரு. ஆளு கோயம்புத்தூர்ல இருக்காரு. முகத்தையே பாக்காம எப்படி நம்ப?" என்றார் அண்ணாச்சி.

தூத்துக்குடிக்காரர் கேட்கிற கேள்வியா இது? காசு போட்டவர் கரையில், கயிறு பிடிக்கிறவர் தோணியில், வேலை செய்கிறவர் பல பாகம் ஆழத்தில். இந்த ஊர் அப்படித்தானே முத்தெடுத்தது! இங்கே அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-இல். குளிப்பை அறிவிக்கும் முன் பாரிலிருந்து மாதிரிக்குக் கொஞ்சம் சிப்பி எடுத்து, திறந்து, கிடைத்த முத்துக்கு மதிப்புப் போட்டுப் பார்ப்பார்கள். தேறினால்தான் குளிப்பு.

ரெஸ்யூமேயில் இருக்கிற பத்து வருஷமும் மூடின சிப்பிதான். ஒரே வருஷ வேலையைப் பத்துத் தடவை செய்தவரும் பத்து வருஷ அனுபவம் என்றுதான் போடுவார். நேர்காணலில் நன்றாகப் பேசுவதும் அதிகம் சொல்லாது. ஆகவே மாதிரி எடுக்கணும். சின்னதாக ஒரு நிஜ வேலை, ரெண்டு நாளைக்கு, காசு கொடுத்து. இலவசமாகச் செய்து காட்டச் சொன்னால் நல்ல ஆட்கள் வரமாட்டார்கள், வரவும் வேண்டியதில்லை.

அண்ணாச்சிக்கு நான் சொன்ன மாதிரி வேலை இது: தப்பான கண்டெய்னர் எண்ணைப் படிவம் ஏற்கக் கூடாது. கண்டெய்னர் எண்ணில் நாலு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம். முதல் பத்துக்கும் மதிப்பும் எடையும் போட்டுக் கூட்டி, 11-ஆல் வகுத்து வரும் மீதிதான் அந்தக் கடைசி இலக்கம். மீதி 10 வந்தால் 0. பார்க்க அரை மணி நேர வேலை. புதியவர் மொத்தம் பதினோரு எழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்த்து முடித்துவிடுவார். அனுபவசாலி எழுதுவதற்கு முன்னால் கேட்பார்: நடுவில் இடைவெளி விட்டு அடித்தால் என்ன செய்ய? ஏற்கெனவே தரவுத்தளத்தில் கிடக்கிற தப்பான எண்கள் என்ன ஆகும்? மறுக்கும்போது வாடிக்கையாளருக்கு என்ன செய்தி காட்ட? அந்தக் கேள்விகளுக்குத்தான் கூடுதல் காசு. பழைய நிரலைப் பார்த்ததும் "எல்லாத்தையும் தூக்கிட்டுப் புதுசா எழுதிரலாம்" என்கிறவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள்.

முத்துக்குளிப்பில் பங்கு கரையிலேயே பிரிந்துவிடும். 1905-இல் இலங்கைப் பக்கம் நடந்த பெரிய குளிப்பில் மூன்றில் இரண்டு பங்கு சிப்பி அரசுக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. நிரல் விஷயத்தில் அப்படி இல்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி கணினி நிரலும் இலக்கியப் படைப்புதான் (எழுத்தாளர்கள் கோபிக்க வேண்டாம்). சம்பள ஊழியர் வேலையில் எழுதியது நிறுவனத்துக்கு. வேலைக்கு இவ்வளவு என்று பேசி வெளியாள் எழுதியதோ, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், எழுதியவருக்கே. முழுக் காசு கொடுத்திருந்தாலும் அப்படித்தான். உரிமையை எழுத்தில் மாற்றி வாங்கணும். அதிலும் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று 19-ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும்.

அடுத்தது கயிறு. "திரையைப் படம் பிடிக்கிற மென்பொருள் போட்டுரலாமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். குளிக்கிறவர் இழுத்தால் மேலே தூக்கத்தான் கயிறு, அவரை வேவு பார்க்க இல்லை. அலுவலகத்தின் பெயரில் ஒரு கிட் களஞ்சியம், எழுதியதை அன்றன்றைக்கே அதில் ஏற்றுவது, எங்காவது மாட்டிக்கொண்டால் அன்றே சொல்வது, சொன்னால் பதில் சொல்ல இந்தப் பக்கம் ஒரு ஆள். பெரும்பாலும் இந்தக் கடைசி ஆள்தான் இருப்பதில்லை. கேள்வி கேட்டு மூன்று நாள் பதில் வராவிட்டால் எந்த அனுபவசாலியும் தன் ஊகப்படிதான் எழுதுவார்.

அண்ணாச்சி மாதிரி வேலைக்கு ஒத்துக்கொண்டார். ஆனால் டொமைன் இன்னமும் பழைய ஆளின் சொந்த மின்னஞ்சலில்தான் பதிவாகியிருக்கிறது. அவர் போனை எடுக்கிற காலத்திலேயே அதை மாற்றி வாங்கச் சொல்லியிருக்கிறேன்.