குருதியின் அளவும் பிடியும்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உள்ள ஆய்வுகூடமொன்றில் குருதியைச் சோதிப்பித்தால், ஈமோகுளோபின் இத்தனை கிராம் என்ற எண் நமக்குக் கிடைக்கிறது. அவ்வெண் குறைந்தாற் குருதிச்சோகை என்கிறோம். ஆயின், அஃது அளவை மட்டுமே கூறும். ஈமோகுளோபின் ஒட்சிசனை எத்துணை இறுகப் பற்றுகின்றது என்பதைக் கூறாது.

ஈமோகுளோபினுக்குக் கடமைகள் இரண்டு: நுரையீரலில் ஒட்சிசனைப் பற்றுதல், இழையங்களில் அதனை விடுவித்தல். பிடி மிக இறுகின் இரண்டாவது கடமை தவறும். காபனீரொட்சைட்டு மிகும் இடத்தில் இப்பிடி தளர்வதை 1904இல் கிறித்தியன் போரும் அவர்தம் துணைவரும் எடுத்துக்காட்டினர்.

இப்பிடியை அளப்பது எவ்வாறு? சிறிதளவு குருதியைக் கரைசலொன்றிற் கலந்து, 37 பாகை செல்சியசில் வைத்து, ஒட்சிசனால் நிரப்புவர். பின்னர் நைதரசனைச் செலுத்தி ஒட்சிசனைச் சிறிது சிறிதாக வெளியேற்றுவர். ஒட்சிசன் ஏற்ற ஈமோகுளோபினும் அதனை இழந்த ஈமோகுளோபினும் ஒளியை வெவ்வேறு விதமாக உறிஞ்சுவதால், எத்தனை பங்கு நிரம்பியுள்ளது எனக் கணிக்க இயலும். சரிபாதி நிரம்பியிருக்கையில் உள்ள ஒட்சிசன் அமுக்கமே 'பீ-50' எனப்படும். நலமுடைய வளர்ந்தோரில் இஃது ஏறத்தாழ 27 மில்லிமீற்றர் இரசமாகும். இவ்வெண் குறையின் பிடி இறுக்கம், கூடின் தளர்வு.

செங்குழியத்தினுள் இருக்கும் ஒரு பொசுபேற்றுச் சேர்வை இப்பிடியைத் தளர்த்துவது 1967இல் தெளிவாயிற்று. சிசுவுக்குரிய 'எஃப்' வகை ஈமோகுளோபினுடன் அச்சேர்வை நன்கு இணையாமையால், அவ்வகையின் பிடி இறுக்கமானது. தாயின் குருதியிலிருந்து ஒட்சிசனைப் பெற இது சிசுவுக்கு உதவுகிறது.

இவ்வறிவு நம் நாட்டுக்குப் புறம்பானதன்று. இலங்கையில் 'ஈமோகுளோபின் ஈ – பீற்றா தலசீமியா' உடையோரை ஆராய்ந்த கட்டுரையொன்று 2010இல் வெளிவந்தது. 'எஃப்' வகை மிகுந்த ஏனைய தலசீமியா நோயாளரிலும் பார்க்க, இவர்களது குருதி ஒட்சிசனை எளிதில் விடுவிப்பதை அது காட்டிற்று. எனவே, ஒரே ஈமோகுளோபின் அளவுடைய இருவர் ஒரே அளவு இளைப்புறுவர் எனக் கொள்ளல் பொருந்தாது.

இதில் ஒரு பிள்ளையின் வாழ்வு தங்கியுள்ளது. குருதியேற்றுந்தோறும் உடலில் இரும்பு சேர்கின்றது. அதனை அகற்றாவிடின் இதயமும் ஈரலும் பழுதுறும். தேவைப்படும் பிள்ளைக்குக் குருதியை மறுத்தலோ வளர்ச்சியைக் குன்றச் செய்யும். ஆதலின், எண்ணொன்றை மட்டும் நோக்காது, பிள்ளை வளர்கின்றதா, ஓடி விளையாடுகின்றதா என்பவற்றையும் நோக்கியே முடிவு செய்தல் வேண்டும். அந்நோக்கிற்கு ஆய்வுகூடம் அளிக்கும் விஞ்ஞான நியாயமே பீ-50 என்பது நம் கருத்தாகும்.