கோழி எதைத் தின்கிறது?

பசறையிலோ ஹாலிஎலயிலோ தோட்டத்துக் கடையில் முட்டை விலை ஏறும்போதெல்லாம், நாமே நாலு கோழி வளர்த்தால் என்ன என்ற பேச்சு லயத்தில் கிளம்பும். யோசனை நல்லதுதான். ஆனால் வீட்டு முட்டை மலிவு என்பது பாதி உண்மை. முட்டைக்கு அடக்க விலை போடுவது தீவனம். தீவனத்தில் பெரும்பங்கு சோளம். 2021 மே மாதம் இலங்கையில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. சோள விளைச்சல் விழுந்தது. அடுத்த ஆண்டு டொலரும் இல்லாமல் போக, வெளியிலிருந்து சோளம் வாங்கவும் வழியில்லை. பண்ணைகள் கோழிகளைக் குறைத்தன. 2022 ஆகஸ்டில் அரசு வெள்ளை முட்டைக்கு 43 ரூபா, சிவப்பு முட்டைக்கு 45 ரூபா என்று உச்ச விலை விதித்தது. விலைப்பட்டியல் போட்டால் கோழி கூடுதலாக முட்டையிடுமா? 2023 மார்ச்சில் இந்தியாவிலிருந்து முட்டை இறக்க வேண்டி வந்தது. இத்தனைக்கும், நாட்டில் சோளம் அதிகம் விளையும் மாவட்டங்களில் ஒன்றான மொனராகலை இருப்பதும் பசறை இருக்கும் இதே ஊவா மாகாணத்தில்தான். பசறை மலையிலிருந்து இறங்கினால் சோளக்காடு.

இனி வீட்டுக் கோழியின் கணக்கு. பண்ணைகளில் வளர்க்கும் கலப்பின முட்டைக் கோழி நாளொன்றுக்கு ஏறத்தாழ 115 கிராம் தீவனம் தின்று, ஆண்டுக்கு 300 முட்டை வரை இடும். அதாவது ஒரு முட்டைக்கு 140 கிராம் தீவனம். கிலோ 150 ரூபா என்று வைத்துக்கொண்டால் தீவனச் செலவு மட்டும் 21 ரூபா. நாட்டுக்கோழி குறைவாகத்தான் தின்னும்; ஆனால் பத்துப் பதினைந்து முட்டை இட்டதும் அடையில் உட்கார்ந்துவிடும். 21 நாள் அடை, பிறகு குஞ்சுகளோடு திரியும் வாரங்கள் என்று போக, ஆண்டுக்கு 60 முட்டை தேறினால் நல்ல கோழி. அதற்குத் தினமும் 80 கிராம் கடைத்தீவனம் போட்டால் ஒரு முட்டைக்கு அரைக்கிலோ தீவனம், 70 ரூபாவுக்கும் மேல் செலவு. அதே கோழி தேங்காய்ப்பூச் சக்கையும் சோற்று மிச்சமும் புழுவும் பூச்சியும் தின்று வளர்ந்தால் முட்டைக்குக் கைக்காசு ஏறக்குறைய இல்லை. ஆக, காசு கொடுத்து வாங்காத தீனி வீட்டில் எவ்வளவு மிஞ்சுகிறதோ அவ்வளவு கோழிதான் இலாபம். ஒரு லயத்து வீட்டுக் குசினியில் மிஞ்சுவது மூன்று நான்கு கோழிக்குப் போதும். பத்தாக்கினால் மூட்டை வாங்க வேண்டும். மூட்டை வாங்கினால் மொத்தமாக வாங்கும் பண்ணையோடு நாம் போட்டியிட முடியாது.

கலப்பினக் கோழியையே வீட்டில் வளர்த்தால் என்ன என்று கேட்கலாம். முட்டை கூடும். ஆனால் அது முழு வீச்சில் இட நாளுக்கு 14 மணி நேரத்துக்குக் குறையாமல் வெளிச்சம் வேண்டும். நம் நாட்டில் பகல் எந்த மாதமும் ஏறத்தாழ 12 மணி நேரந்தான். பண்ணைகளில் விடியுமுன் மின்குமிழ் எரிவது அதனால். சமநிலைத் தீவனம் இல்லாமல் குப்பை கிளறிப் பிழைக்கவும் அதற்குத் தெரியாது. நோயும் இருக்கிறது. ரனிக்கெட் நோய் வந்தால் ஒரே வாரத்தில் கூடு காலி. தடுப்பு மருந்துக் குப்பியோ நூற்றுக்கணக்கான கோழிக்கு ஆகும் அளவில் வருகிறது. மூன்று கோழி வைத்திருப்பவர் தனியே திறந்து என்ன செய்வார்? லயம் முழுவதும் ஒரே நாளில் கூடி, அரச மிருக வைத்தியரை அழைத்துப் போட்டுக்கொள்வதே வழி.

தரம் என்றதும் பலர் மஞ்சள் கருவைக் காட்டுவார்கள். அடர்ந்த நிறம் பச்சிலையாலும் சோளத்தாலும் வருவது. பண்ணைத் தீவனத்தில் நிறமி சேர்த்தாலும் அதே நிறம் வரும். ஓட்டின் சிவப்பு கோழியின் இனத்தைச் சொல்லும், சத்தைச் சொல்லாது. வெயிலில் திரிந்து பச்சை தின்ற கோழியின் முட்டையில் சில விற்றமின்கள் கூடுதலாக இருக்கலாம், மறுப்பதற்கில்லை. புரதம் மட்டும் எதிலும் ஒன்றுதான்: நடுத்தர முட்டைக்குச் சுமார் 6 கிராம். புதுசா பழசா என்பதே பெரிய வேறுபாடு. ஹப்புத்தளைக் குளிரில் முட்டை தாங்கும் நாள், மஹியங்கனை வெக்கையில் தாங்காது. தண்ணீரில் போட்டால் புது முட்டை அடியில் படுக்கும். நாள்பட்டது எழும்பி நிற்கும், மிதக்கும். வீட்டு முட்டை என்பதாலேயே அது சுத்தமானது என்றும் ஆகிவிடாது. குப்பை எரித்த இடத்தையும் பழைய பெட்டரி கிடந்த மண்ணையும் கிளறும் கோழியின் முட்டையில் ஈயம் சேரும். களைநாசினி அடித்த மலைப்பக்கம் கோழியை விடாதிருப்பதும் நல்லது.

இவ்வளவுக்கும் பதிலாக, லயக்காம்பரா இருக்கும் நிலமே சொந்தமில்லாதவர்கள் கூடு எங்கே கட்டுவது, விடியற்காலையில் பிரட்டுக்குப் போகும் பெண் கீரிக்கும் பருந்துக்கும் காவலிருப்பதா என்று கேட்டால், அந்தக் கேள்வி நியாயமானது. கோழி வளர்ப்பைச் சம்பளப் பிரச்சினைக்கு மருந்தாகச் சொல்பவர்களை நம்ப வேண்டியதில்லை. 2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவான பிறகும், ஐந்து பேர் வீட்டில் ஆளுக்கொரு முட்டை என்பது யோசித்துச் செய்யும் செலவுதான். 2016இன் தேசிய சுகாதார ஆய்வில், வயதுக்கேற்ற உயரமில்லாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாடு முழுவதும் நூற்றுக்கு 17, தோட்டப்புறத்தில் 32. அந்தப் பிள்ளைக்குத் தேவை கிடைக்கிற முட்டை, அது எந்தக் கோழியுடையதானாலும். நாட்டுக்கோழி முட்டைக்குக் கடையில் கூடுதல் விலை கொடுக்க ஆள் இருக்கிறார்கள். அதை அவர்களுக்கே விற்று, அந்தக் காசுக்குப் பண்ணை முட்டை கூடுதலாக வாங்கிப் பிள்ளைகளுக்கு அவித்துக் கொடுக்கும் தாயிடம், நல்லதை விற்றுவிட்டாய் என்று யாரும் குறை சொல்ல வேண்டாம். கணக்கு அவள் பக்கம்.