பரணில் தூங்கும் பணம்!

போகிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் யாராவது ஒருவர் ஸ்டூல் போட்டுப் பரணில் ஏறுவார். கீழே நிற்பவர் கைநீட்டி ஒவ்வொன்றாக வாங்கி வைப்பார். பித்தளை அண்டா, தொட்டில் கம்பி, கல்யாண ஆல்பம்... நடுவே, பெட்டிகூடப் பிரிக்காத சாண்ட்விச் மேக்கர் ஒன்று இறங்கும். பின்னாலேயே காய்கறி நறுக்கும் மெஷின், கால் பிடித்துவிடும் மசாஜர், ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ தவாவில் அந்த இலவசம்.

“இதெல்லாம் யாரு வாங்கினது?” என்று மாமியார் கேட்டால், எல்லோரும் வேறு பக்கம் பார்ப்பார்கள்.

சாண்ட்விச் மேக்கர் 1,500 ரூபாய், நறுக்கும் மெஷின் 900, மசாஜர் 6,500, தவா 1,100 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 10,000 ரூபாய். போன ஜூன் மாதம் பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸுக்காக வளையலை அடகு வைத்த வீடாகவும் அது இருக்கலாம். அடகுக் கடைக்கு வட்டி போய்க்கொண்டிருக்க, வளையலை மீட்க வேண்டிய பணம் பரணில் தூங்குகிறது.

சேலைக்கடைப் பைகளைக் காட்டி மனைவியைக் கிண்டல் செய்யும் கணவர்களும் உண்டு. அவர்களுடைய மேஜை டிராயரைத் திறந்தால் மூன்று ஹெட்போன்கள் இருக்கும்! ஆகவே, இதில் ஆண், பெண் பேதம் இல்லை.

அந்தக் கால அம்மாக்களுக்கு ஆசையே இல்லையா? இருந்தது. ஆனால், அண்ணாச்சி கடையில் பொருள்கள் எல்லாம் அவர் பக்கம் இருக்கும். நாம் இந்தப் பக்கம் நின்று, ஒவ்வொன்றையும் வாய்விட்டுக் கேட்க வேண்டும். கையில் லிஸ்ட் இருக்கும், முந்தானையில் முடிந்த பணம் இருக்கும், பின்னால் நாலு பேர் நிற்பார்கள். கூடுதலாக ஒன்று கேட்பதற்குள் இரண்டு முறை யோசிக்க நேரம் கிடைத்தது. சூப்பர் மார்க்கெட் அந்த மேஜையை எடுத்துவிட்டு, கையில் ஒரு தள்ளுவண்டியைக் கொடுத்தது. பருப்பும் பாலும் பெரும்பாலும் கடைக்கோடியில் இருக்கும்; அதுவரை நடந்தால்தான் கிடைக்கும். சாக்லேட்டோ பில் போடும் இடத்தில், குழந்தையின் கண் உயரத்தில்.

செல்போன் அந்த நடையையும் மிச்சம் பண்ணிவிட்டது. இரவு 11 மணி, எல்லோரும் தூங்கியாயிற்று. ‘இன்னும் 2 மட்டுமே உள்ளன’, ‘ஆஃபர் முடிய 9 நிமிடங்கள்’ என்று திரை துடிக்கிறது. ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை எண்ணிக் கொடுக்கும்போது விரல் கொஞ்சம் தயங்கும். ஸ்கேன் செய்யும் விரலுக்கு அந்தத் தயக்கம் கிடையாது.

அந்த அவசரம் நம் வீட்டில் பிறந்தது அல்ல. விற்பவர் தயாரித்து அனுப்புவது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், ஆன்லைன் விற்பனையில் இப்படிப்பட்ட 13 தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடை செய்திருக்கின்றன. இல்லாத தட்டுப்பாட்டை இருப்பதாகக் காட்டுவது அவற்றில் ஒன்று. கேட்காத இன்ஷூரன்ஸையோ நன்கொடையையோ பில்லில் நுழைப்பது இன்னொன்று. ‘வேண்டாம்’ என்று அழுத்துபவரைக் குற்ற உணர்வில் தள்ளுவதும், முதலில் ஒரு விலை காட்டிக் கடைசியில் கட்டணங்களைச் சேர்ப்பதும்கூடப் பட்டியலில் உண்டு. இப்படி ஏமாந்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம். திரையைப் படம் பிடித்து வைத்திருந்தால் புகாருக்குப் பலம்.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். வீட்டில் செய்யக்கூடியது என்ன? பல வீடுகளில் பலன் தரும் வழி ஒன்று உண்டு, செலவே இல்லாதது. வேண்டும் என்று தோன்றிய பொருளின் பெயரையும் விலையையும் சமையலறை தினசரி காலண்டரில், 15 நாள்கள் தள்ளி வரும் தாளில் எழுதிவிடுவது. அந்தத் தாள் வரும் நாளில் ஆசை அப்படியே இருந்தால் வாங்கலாம். பல நாள்களில், ‘இதை எதற்கு எழுதினோம்?’ என்றே தோன்றும். காத்திருந்ததில் ஆஃபர் போய்விடாதா என்றால், போகும். அடுத்து ஆடித் தள்ளுபடி, தீபாவளி, பொங்கல், குடியரசு தினம் என்று வந்துகொண்டேதான் இருக்கும். கல்யாணம் இல்லாத ஆடியில் வியாபாரம் படுத்துவிடக் கூடாதே என்று கடைக்காரர்கள் பிடித்துக்கொண்ட வழிதானே அந்தத் தள்ளுபடி!

கார்டு எண்ணை ஷாப்பிங் ஆப்பில் சேமிக்காமல் இருப்பதும் உதவும். ஒவ்வொரு முறையும் எழுந்துபோய்ப் பர்ஸைத் தேடி, 16 எண்களை அடிக்க வேண்டியிருந்தால், பாதி ஆசை கட்டிலிலேயே தூங்கிவிடும்.

தவணையில் வாங்குவோர் இரண்டு விஷயங்களைக் கடைக்காரரிடம் நேராகக் கேட்க வேண்டும். “மொத்தமாகப் பணம் கொடுத்தால் விலை என்ன? பிராசஸிங் கட்டணம் எவ்வளவு?” வட்டியில்லாத் தவணை என்கிற பொருளுக்கு ரொக்க விலை குறைவாக இருந்தால், அந்த வித்தியாசம்தான் வட்டி. கிரெடிட் கார்டில் ‘குறைந்தபட்சத் தொகை’ மட்டும் கட்டுவது இதைவிட ஆபத்து. மாதம் 3.5 சதவிகிதம் என்றால் சின்னதாகத் தெரியும். ஆண்டுக்கு அது 42 சதவிகிதம். அந்த வளையலை வைத்த அடகுக் கடையே தேவலை என்று ஆகிவிடும்.

யோசித்து வாங்குவது என்றால் எப்போதும் மலிவானதைத் தேடுவது என்று பொருளில்லை. தினமும் ஓடும் மிக்ஸியில் 2,000 ரூபாய் மிச்சம் பிடித்துவிட்டு, வருடத்துக்கு இரண்டு முறை மோட்டார் ரிப்பேருக்கு அலைவது சிக்கனம் ஆகாது. 6,000 ரூபாய் மிக்ஸி ஐந்து வருடம் தினமும் அரைத்தால், ஒரு நாள் செலவு 3 ரூபாய் 30 காசுக்கும் கீழே. அதே 6,000-க்கு வாங்கிய பட்டு ஐந்து வருடத்தில் நான்கு முறை உடுத்தப்பட்டால், ஒரு முறைக்கு 1,500. அதற்காகப் பட்டே கட்டக் கூடாது என்றில்லை. தங்கை கல்யாணத்துக்குக் கட்டும் பட்டுக்கு யார் கணக்குப் பார்க்கிறார்கள்?

மளிகையில் பெரிய பாக்கெட்தான் லாபம் என்று எடுப்பதற்கு முன், உறையில் கிராமுக்கோ கிலோவுக்கோ என்ன விலை என்று போட்டிருப்பதைப் பார்க்கலாம். சின்ன பாக்கெட் மலிவாக இருக்கும் நேரங்களும் உண்டு.

வாங்கிய பொருள் பழுதாக இருந்தால், ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற வாசகத்துக்குப் பயப்பட வேண்டாம். பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால், குறையுள்ள பொருளை 30 நாள்களுக்குள் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது, 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில் மட்டும் பத்திரம்.

பரணிலிருந்து இறங்கியவற்றில் கால் மசாஜர் பாட்டியின் கட்டிலுக்குப் பக்கத்தில் போகட்டும். தவா, புதிதாகக் குடித்தனம் வைத்திருக்கும் மருமகளுக்கு ஆகும். சாண்ட்விச் மேக்கரை யாரும் கேட்கவில்லை என்றால் திரும்ப ஏற்றத்தான் வேண்டும். ஏற்றும் முன் ஸ்கெட்ச் பேனாவால் பெட்டியின் மேல் எழுதிவிடுங்கள்: வாங்கிய தேதி, விலை, எத்தனை முறை பயன்படுத்தினோம்.