கடைக்கால் தோண்டுமுன் கணக்குப் போடுங்கள்

“வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்” என்றார்கள் நம் பெரியோர். லயத்து வீட்டில் பிறந்து லயத்து வீட்டிலேயே மூப்படைந்த நம் தாத்தா பாட்டிமாரில் பலருக்கு முதலாவதைச் செய்து பார்க்கும் வாய்ப்பே கிட்டவில்லை. வேலை இருக்கும்வரைதான் கூரை. வேலை போனால் வீடும் போயிற்று.

1950களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது எத்தனையோ குடும்பங்கள் அந்தக் கசப்பை அனுபவித்தன. அதைக் கண்டு பொறுக்காமல்தான், நம் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பால்மரம் வெட்டியவர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணம் தோட்டங்களையே வாங்கியது. கணக்கோடு நடந்தால் சிறுபணமும் பெருங்காரியம் செய்யும்.

இன்று நீங்கள் சேமநிதிப் பணத்தையும் பிள்ளைகளின் சம்பளத்தையும் திரட்டிச் சொந்த நிலத்தில் வீடு கட்ட எண்ணுகிறீர்கள். நல்லது. ஆனால், சன்னல் மட்டத்தோடு நின்றுபோய்ப் புல் முளைத்துக் கிடக்கும் சுவர்களையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பல, பணம் இல்லாமல் நின்றவை அல்ல. கணக்கு இல்லாமல் நின்றவை.

முதலில் மண்ணைப் பாருங்கள். ஈப்போவைச் சுற்றியுள்ள கிந்தா பள்ளத்தாக்கில் பழைய ஈயச் சுரங்க நிலங்கள் ஏராளம். மேலே மணல் தெரியும். அடியில் சேறு இருக்கும். அங்கே கடைக்காலுக்கே பெருந்தொகை போய்விடலாம். நிலத்தின் பழைய கதையை விசாரியுங்கள்; பொறியாளரிடம் மண்ணைக் காட்டிய பிறகே வரைபடம் போடுங்கள்.

அடுத்து, நீங்களே அளந்து பாருங்கள். 10 அடிக்கு 12 அடி அறை ஒன்று. நான்கு சுவர்களின் நீளம் 44 அடி; உயரம் 10 அடி. ஆக 440 சதுர அடி. கதவுக்கு 21, சன்னலுக்கு 16 கழித்தால் 403 சதுர அடி, அதாவது சுமார் 37.5 சதுர மீட்டர். அரைக்கல் சுவருக்கு ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 60 செங்கல் ஆகும். எனவே 2,250 கல். உடைசலுக்கு நூற்றுக்கு ஐந்து சேர்த்தால் 2,360. இதே அறைக்கு ஒருவர் 4,000 கல் கேட்டால், “எதற்கு ஐயா?” என்று கேட்கும் தைரியம் உங்களுக்கு வந்துவிடும். இரண்டு அறைக்கும் பொதுவான சுவரை ஒரு முறைதான் கணக்கில் சேர்க்க வேண்டும். கல், சிமெண்டு, கம்பி, மணல், கூலி என்று தனித்தனியே எழுதி, மூன்று கடைகளில் விலை கேளுங்கள்.

குத்தகையாளர் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். 1994ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியுள்ளது. வாய்ப்பேச்சு வேண்டாம், எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

பணத்தை மொத்தமாகக் கொடுத்துவிடாதீர்கள். வீடமைப்பு நிறுவனத்திடம் வீடு வாங்குவோர், கட்டி முடிந்த அளவுக்கே கட்டங்கட்டமாகப் பணம் செலுத்துகிறார்கள். 1966ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டத்தின் கீழ் வந்த ஏற்பாடு அது. கடைசி 5 விழுக்காடு வழக்கறிஞரிடம் நிறுத்தி வைக்கப்படுகிறது. சொந்த நிலத்தில் தனியாகக் கட்டுவோருக்கு அந்தச் சட்டத்தின் துணை இல்லை. ஆகவே அதே முறையை உங்கள் ஒப்பந்தத்தில் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்: கடைக்கால் முடிந்தால் இவ்வளவு, சுவர் எழுந்தால் இவ்வளவு, கூரை ஏறினால் இவ்வளவு. வேலை முன்னே போகட்டும், பணம் பின்னே போகட்டும்.

வேலை நடக்கும்போது, “இந்தச் சுவரைக் கொஞ்சம் தள்ளிக் கட்டலாமே” என்ற ஆசை எழும். செலவு ஏறுவது அங்கேதான். மாற்றத்தைத் தாளில் செய்தால் அழிப்பான் போதும். சுவரில் செய்தால் சம்மட்டி வேண்டும். சிமெண்டு மூட்டைகளைத் தரையில் போடாமல் பலகைமேல் அடுக்கி, மழை படாமல் மூடி வையுங்கள். மொத்தக் கணக்கில் பத்தில் ஒரு பங்கை எதிர்பாராச் செலவுக்கென்று தொடாமல் வையுங்கள்.

சேமநிதி உங்கள் முதுமைக்கான சோறு. அதை எடுத்துக் கட்டும் வீடு பாதியில் நின்றால், வீடும் இல்லை, சோறும் இல்லை. மூன்று அறைக்கு ஆசைப்பட்டு நிற்பதைவிட, இரண்டு அறையைக் கட்டி முடித்துக் குடிபுகுவது மேல். மூன்றாவதைப் பிள்ளைகள் கட்டுவார்கள்.

இன்றிரவே பிள்ளையின் பள்ளிக்கூட நோட்டில் ஒரு பக்கம் கிழித்து, எழுதத் தொடங்குங்கள்!