விடுதிக்கு 800, வேலைக்காரிக்கு 50?

மே நாள் வருகிறது, மேடை ஏறுகிறோம். 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்த கதையைச் சொல்கிறோம். 1923-இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையிலே மே நாள் கொண்டாடிய செய்தியைச் சொல்கிறோம். உழைத்தவனுக்கு ஊதியம் பிச்சையல்ல, உரிமை என்று முழங்குகிறோம். கைதட்டல் கிளம்புகிறது, களிப்புடன் வீடு திரும்புகிறோம்.

வீட்டிலே, கொல்லைப்புறத்திலே பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கிறாரே ஒரு தாய், அவருக்கு நாம் தருவது உரிமையா, பிச்சையா?

இந்தக் கேள்வியை நாம் தேடிப் போகவில்லை, தோழர்களே! அது நம்மைத் தேடி வந்தது. நாய் ஒன்றின் வடிவிலே வந்தது.

தோழர் ஒருவர், கழகத்துக்குக் கால் நூற்றாண்டாக உழைத்தவர், கொடிக்கம்பம் நடுவதிலிருந்து சிறைச்சாலை செல்வது வரை எதற்கும் பின்வாங்காதவர். அவர் வீட்டிலே இராசபாளையத்து நாய் ஒன்று உண்டு. வெள்ளை வெளேரென்று, இடுப்பளவு உயரம். கோவையிலே மகளுக்கு வளைகாப்பு. அப்படியே உதகைக்கும் ஒரு நடை. ஆக, பத்து நாள் பயணம். நாயை என்ன செய்வது?

விட்டுவிட்டுப் போக முடியாது. பசியாலும் தாகத்தாலும் தவிக்கும்படி ஒரு விலங்கைக் கைவிட்டுப் போவது, 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படியே குற்றம். ஆகவே, நாய்களைத் தங்கவைத்துப் பராமரிக்கும் விடுதி ஒன்றிலே விசாரித்தார். நாளொன்றுக்கு 800 ரூபாய் என்றனர். பத்து நாளுக்கு 8,000! திகைத்தார் தோழர், திரும்பினார் வீட்டுக்கு. அங்கே துணைவியார் எளிதாக வழி சொல்லிவிட்டார்: "நம்ம வீட்டு வேலைக்காரி இருக்காளே, அவ பார்த்துக்குவா."

பார்த்துக்கொண்டார் அந்த அம்மையார். பத்து நாளும் பார்த்துக்கொண்டார். திரும்பிவந்த தோழர் 500 ரூபாயும் ஒரு பழைய சேலையும் கொடுத்தார். அதாவது, நாளொன்றுக்கு 50 ரூபாய்! அம்மையார் பணத்தைக் கையிலே வாங்கினார். ஆனால் வாங்கிய கை மடங்கவில்லை. மறுநாளிலிருந்து வீட்டிலே பேச்சு குறைந்தது. வேலை மட்டும் நடந்தது. தோழருக்கு மனம் உறுத்திற்று. வந்தார் நம்மிடம், அந்த அம்மையாரையும் அழைத்து வந்தார்.

"நாய்க்குச் சோறு வைக்கிறது ஒரு வேலையா, அண்ணே?" என்று கேட்டார்.

கேட்கட்டும், கேட்பது நல்லது. உள்ளுக்குள்ளே வைத்துக்கொண்டு மறுகுவதைவிட வெளியே எடுத்துப் போட்டுக் கேட்பது நேர்மை. ஆனால், விடுதிக்காரர் 800 ரூபாய் கேட்டபோது, இது ஒரு வேலையா என்று இவர் கேட்டாரா? இல்லையே! அங்கே அது தொழில். இங்கே அது சில்லறைக் காரியம். அங்கே கொடுத்தால் அதற்குப் பெயர் கட்டணம். இங்கே கொடுத்தால் அன்பளிப்பு! நாய் ஒன்று, அதன் பசி ஒன்று, அதற்கு வைக்கும் சோறும் ஒன்று. செய்கிறவர் யார் என்பதைப் பார்த்துச் செயலின் விலை மாறுகிறது. பிறப்பைப் பார்த்து மதிப்புச் சொன்னார்களே, அந்தப் பழைய பஞ்சாங்கத்துக்கும் இதற்கும் தொலைவு அதிகமில்லை, தோழர்களே!

அன்பளிப்பு என்ற சொல்லிலே ஓர் ஆபத்து இருக்கிறது. அன்பை அளக்க முடியாது. ஆகவே அன்பின் பெயரால் கொடுக்கப்படுகிற தொகையையும் எவரும் அளந்து பார்ப்பதில்லை. கொடுப்பவர் நிறைந்த மனத்துடன் கொடுக்கிறார்; பெறுபவர் நிறையாத வயிற்றுடன் பெறுகிறார். கூலி என்றால் கணக்குக் கேட்கலாம். அன்பளிப்பு என்றால் நன்றி சொல்லிவிட்டு நகரவேண்டும்.

ஆகவே, கணக்குப் போடுவோம் என்றோம். இருவரும் இசைந்தனர்.

காலையிலே நாயை வெளியே கூட்டிச் சென்று, திரும்பி வந்து உணவு வைக்க ஒரு மணி நேரம். நடுப்பகலில் அரை மணி. மாலையிலே நடை, உணவு, கழுவித் துடைத்தல் ஒன்றரை மணி. ஆக, பகலிலே மூன்று மணி நேரம். இரவிலே நாய் தனித்திருந்தால் ஊளையிடும். அக்கம்பக்கத்தார் குறை சொல்வர். ஆகவே, "ராத்திரி இங்கேயே படுத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். படுத்துக்கொண்டார் அம்மையார், பத்து இரவும்.

"படுத்துத் தூங்கினதுக்கும் கூலியா?" என்றார் தோழர்.

நாம் அந்த அம்மையாரைப் பார்த்தோம். "எம் பொண்ணு பத்தாவது படிக்குது, ஐயா. அத்தனை ராத்திரியும் பக்கத்து வீட்டு ஆயாகிட்டதான் விட்டிருந்தேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பத்து இரவு நாய்க்குத் துணை இருந்தது. அந்தப் பெண்ணுக்குத் தாயின் துணை இல்லை! தோழர் தலைகுனிந்தார். அவரும் பெண்ணைப் பெற்றவரல்லவா? அவர் சென்றதே மகளைப் பார்க்கத்தானே!

இது நம் உணர்ச்சி மட்டுமல்ல. உலகம் ஒப்பிய கருத்து. 2011-ஆம் ஆண்டு பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, வீட்டுப் பணியாளர்களுக்கென 189-ஆம் எண் உடன்படிக்கையை நிறைவேற்றிற்று. தன் நேரத்தைத் தன் விருப்பம்போல் செலவிட முடியாமல், அழைத்தால் வரவேண்டும் என்று காத்திருக்கும் பொழுதையும், நாட்டுச் சட்டம் வகுக்கும் அளவுக்கு வேலை நேரமாகக் கொள்ளவேண்டும் என்கிறது அது. அன்று டில்லி அரசு ஆதரித்துக் கை தூக்கிற்று. தூக்கிய கை கையொப்பமிட இறங்காமலே ஆண்டுகள் பல கழிந்தன என்பது வேறு கதை. டில்லி ஒப்பமிடட்டும் என்று நம் வீட்டு நியாயம் காத்திருக்க வேண்டுமா?

சரி, மணிக்கு எவ்வளவு? இங்கேதான் நியாயக் கூலி என்ற சொல்லின் பொருளை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். விடுதலை பெற்ற மறு ஆண்டு, 1948-இல், நியாயக் கூலி பற்றி ஆராயக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. குறைந்தபட்சக் கூலி, நியாயக் கூலி, வாழ்வுக் கூலி என மூன்று படிகளை அந்தக் குழு பிரித்துக் காட்டிற்று. உயிரை ஓட்டவும் உழைக்கும் திறன் குன்றாமல் காக்கவும் தேவையானது முதற்படி. மானத்தோடு, மருத்துவத்தோடு, பிள்ளைகளின் படிப்போடு வாழ்வது மூன்றாம் படி. இடையிலே நிற்பது நியாயக் கூலி. அதன் தரை குறைந்தபட்சக் கூலி; அதன் கூரை, தொழிலின் கொடுக்கும் திறன்.

தரை எது? வீட்டு வேலை நெடுங்காலம் சட்டத்தின் கண்ணிலேயே படாதிருந்தது. நாலு சுவருக்குள் நடப்பது, தொழிற்சாலைச் சங்கு ஊதாதது. ஆகவே அது தொழிலாகத் தெரியவில்லை. 2007-இல், கலைஞர் முதலமைச்சராக இருந்தபோது, வீட்டுப் பணியாளர்களுக்கென நலவாரியம் அமைந்தது தமிழ்நாட்டிலே. 2018-இல் மாநில அரசு, வீட்டு வேலைக்குக் குறைந்தபட்சக் கூலியாக மணிக்கு 37 முதல் 39 ரூபாய் வரை நிர்ணயித்தது. அந்த 39 ரூபாயையே எடுத்துக்கொண்டாலும், பகல் வேலை மூன்று மணிக்கு மட்டும் 117 ரூபாய். பத்து நாளுக்கு 1,170. தோழர் தந்த 500, அந்தத் தரைக்கும் கீழே, பள்ளத்திலே கிடக்கிறது!

கூரை எது? தோழரின் கொடுக்கும் திறன். விடுதிக்கு 8,000 என்றபோது திகைத்தாரே தவிர, திவாலாகிவிடவில்லை. உதகையிலே தங்கிய ஓரிரவு அறைக்கு என்ன கொடுத்தார் என்று கேட்டோம். சிரித்தாரே ஒழியச் சொல்லவில்லை.

தரைக்கும் கூரைக்கும் இடையே எங்கே நிற்பது? அதற்கும் அளவுகோல் அவர் வீட்டிலேயே இருந்தது. அம்மையாருக்கு மாதச் சம்பளம் 4,000 ரூபாய். நாளுக்கு இரண்டு மணி நேரம், மாதத்திலே 26 நாள். ஆக 52 மணி. வகுத்துப் பார்த்தால் மணிக்கு ஏறத்தாழ 77 ரூபாய். பாத்திரம் துலக்கும் கைக்கு மணிக்கு 77 தருகிறவர், அதே கை நாயைப் பிடித்தால் குறைத்துத் தரலாமா?

தோழர் ஒரு வாதம் வைத்தார். "அந்தப் பத்து நாளும் மாதச் சம்பளத்திலே பிடித்தம் செய்யலை, அண்ணே. வீட்டிலே யாருமில்லை, பாத்திரமும் இல்லை. அந்த இரண்டு மணி நேரத்திலே நாயைப் பார்க்கக்கூடாதா?"

இது தள்ளிவிடத்தக்க வாதமல்ல. வீட்டார் ஊருக்குப் போனால் சம்பளத்தைப் பிடித்துக்கொள்ளும் வீடுகள் எத்தனையோ உண்டு. ஊருக்குப் போனது இவர்கள், பட்டினி கிடப்பது அவர்கள்! அந்தப் பழியை இவர் செய்யவில்லை, பாராட்டுகிறோம். நாம் விடை தேடுமுன் அம்மையாரே சொன்னார்: "வீடு கூட்டினேன், செடிக்குத் தண்ணி ஊத்தினேன். ஆனாலும் ஒரு மணி நேரம் மிச்சந்தான், ஐயா. அதைக் கழிச்சுக்கங்க."

கேட்டீர்களா தோழர்களே! கணக்கிலே தமக்குப் பாதகமானதையும் தாமே எடுத்துக் கொடுத்தார் அந்த ஏழைத் தாய். நியாயம் யார் பக்கம் என்று காட்ட இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஆகவே, பகலுக்கு இரண்டு மணி: 154 ரூபாய். இரவு எட்டு மணி நேரம். தூங்கவும் முடிந்தது, ஆனால் தன் வீட்டிலே அல்ல. ஆதலால் பாதி விலை, நான்கு மணிக்கு 308 ரூபாய். ஆக நாளொன்றுக்கு 462. பத்து நாளுக்கு 4,620.

முடிந்தது என்று நினைத்தோம். அப்போதுதான் அம்மையாரின் முழங்கையிலே இருந்த தழும்பு கண்ணில் பட்டது. நான்காம் நாள், பட்டாசுச் சத்தம் கேட்டு மிரண்ட நாய் பிறாண்டிவிட்டதாம். சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போயிருக்கிறார். வெறிநாய்க்கடி நோய் வெளிப்பட்டுவிட்டால் அநேகமாகப் பிழைப்பதில்லை என்பதால், நகம் பட்டு இரத்தம் கசிந்தாலும் தடுப்பூசி போடுகிறார்கள். முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று போகவேண்டும். ஊசிக்குக் காசில்லை. ஆனால் ஊசிக்காகக் காத்திருந்த காலைப் பொழுதுக்கு, வேறொரு வீட்டிலே இரண்டு நாள் சம்பளம் பிடித்துவிட்டார்கள், 300 ரூபாய். இதை அவர் தோழரிடம் சொல்லவே இல்லை. "நாய் மேலே குத்தம் சொன்னா மாதிரி ஆயிடும்" என்றார்.

தோழர் எழுந்தார். "அதுவும் என் கணக்கு" என்றார். 4,920 ஆயிற்று. கொடுத்த 500 போக 4,420 ரூபாயை அங்கேயே எண்ணி, கையிலே அல்ல, இரு கைகளால் கொடுத்தார். சேலையைக் கணக்கிலே சேர்க்கவில்லை. அது மட்டும் உண்மையான அன்பளிப்பு. விடுதிக்குக் கொடுத்திருந்தால் ஆகியிருக்கக்கூடிய தொகையைவிட இப்போதும் 3,080 ரூபாய் குறைவுதான் என்பதையும் அவருக்கு நினைவூட்டினோம்.

தோழர்களே, இந்தக் கதை ஒரு வீட்டோடு முடிவதல்ல. நாயோ பூனையோ, கிளிக்கூண்டோ கறவை மாடோ, நம்பி ஒப்படைத்துவிட்டுப் போகிறவர்கள் நம்மிலே பலர். நாம் வேண்டுவது இவ்வளவே.

பெட்டி கட்டுவதற்கு முன்பே கூலியைப் பேசுங்கள். திரும்பி வந்து மனம்போல் கொடுப்பது ஆண்டானின் வழக்கம். மணியைக் கணக்கிடுங்கள், இரவு தங்கச் சொன்னால் அந்த இரவுக்கும் விலை வையுங்கள். வழக்கமாக அவருக்குத் தரும் மணிக்கூலிக்குக் குறையாதீர்கள். தீனிக்கான பணத்தையும் கூலியில் பாதியையும் முன்னதாகவே கொடுங்கள். நாய்க்குத் தடுப்பூசி போட்டு, மருத்துவரின் தொலைபேசி எண்ணை எழுதி வைத்துவிட்டுப் போங்கள். கடியோ கீறலோ பட்டால், வைத்தியமும் அதனால் இழக்கும் கூலியும் உங்கள் பொறுப்பு என்று சொல்லிவிட்டுப் போங்கள். பார்த்துக்கொள்வது அடுத்த வீட்டு மாணவனே ஆனாலும், இதே முறைதான்.

"கேட்கவில்லையே, கேட்டால் கொடுத்திருப்பேனே" என்பார் சிலர். கேட்க முடியாத நிலையிலே ஒருவர் இருக்கிறார் என்பதுதானே நம் இயக்கம் பிறந்ததற்கே காரணம்! கேட்டால் வேலை போய்விடுமோ என்ற அச்சம் அவர் வாயை அடைக்கிறது. அந்த அச்சத்தை இலாபமாக்கிக்கொள்வதா நம் வேலை?

அண்ணாவின் 'வேலைக்காரி' 1949-இல் திரைக்கு வந்தபோது கொட்டகையிலே உட்கார்ந்து கண்ணீர் விட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். கொட்டகையிலே வடித்த கண்ணீர் கொல்லைப்புறத்துக்கும் வரவேண்டும்.

அடுத்த நாள் தோழரிடமிருந்து செய்தி வந்தது. வீட்டிலே மீண்டும் பேச்சு தொடங்கிவிட்டதாம். அடுத்த மாதம் மகளின் பேறுகாலத்துக்குப் போகவேண்டும், அம்மையாரிடம் கேட்டாராம். "பார்த்துக்கறேன், சார். ஆனா ராத்திரிக்கு எம் பொண்ணையும் கூட்டிக்கிட்டு வந்து தங்குவேன், அவ படிக்க ஒரு மேசை வேணும்" என்றாராம் அம்மையார்.

மேசை போட்டாயிற்று!