வீட்டு வளவில் ஒரு கடைச்சல் பட்டறை

அரிவாளுக்கும் உளிக்கும் பிடி, தயிர் கடைய மத்து, உருளைக்கட்டை, இடியப்ப உரல், தொட்டிலுக்குக் கால், பிள்ளைகளுக்குப் பம்பரம். எமது கிராமத்து வீடுகளில் புழங்கும் இப்பொருட்கள் யாவும் கடைச்சல் வேலையோடு தொடர்புடையவை. மரத்தைச் சுழலவிட்டு, அதன்மேல் உளியைப் பிடித்து உருவம் கொடுப்பதே கடைச்சல். முன்னர் இவற்றை அயலூர்த் தச்சரே செய்து தந்தார். இன்று பிளாஸ்ரிக்கும் அலுமினியமும் அவற்றின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துவிட்டன. ஆயினும் கைக்கு இசைந்த பிடிக்கும் உறுதியான உருளைக்கட்டைக்கும் தேவை அற்றுப்போகவில்லை. செய்து கொடுப்போர்தாம் குறைந்துவிட்டனர். இந்த இடைவெளியில் ஒரு குடும்பம் வருவாய் தேடிக்கொள்ள முடியுமா? முடியும். ஆனால் அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு.

பழைய தொழில்

இது எம் நாட்டுக்குப் புதிய தொழிலன்று. கலாயோகி ஆனந்த குமாரசுவாமி 1908 ஆம் ஆண்டில் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலில், கண்டிப் பகுதிக் கடைச்சற்காரரையும் அவர்களது அரக்கு வேலையையும் விரிவாகப் பதிவு செய்துள்ளார். சுழலும் மரத்தின்மேல் நிறமூட்டிய அரக்குக் கட்டியை அழுத்தும்போது, உராய்வினால் எழும் சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தில் பற்றிக்கொள்ளும். மின்சாரம் இல்லாத அக்காலத்தில் கயிற்றைச் சுற்றி இழுத்தே மரத்தைச் சுழற்றினர். மரம் முன்னும் பின்னுமாகச் சுழன்றதால், ஒரு பக்கச் சுழற்சியில் மட்டுமே உளி வெட்டும். அந்த எளிய கருவியிலிருந்துதான் அத்தனை அழகிய பொருட்களும் வந்தன. எனவே இத்தொழிலின் மூலதனம் முதலில் கைத்திறன்; இயந்திரம் அதற்கு அடுத்ததே.

இயந்திரம் மட்டும் போதாது

2009 இல் யுத்தம் முடிந்தபின், வடக்குக் கிராமங்களில் வாழ்வாதார உதவியாகப் பலவகை இயந்திரங்கள் பகிர்ந்தளிக்கப்பட்டன. அவற்றிற் சில சாக்கினால் மூடப்பட்டுத் துருப்பிடித்துக் கிடப்பதைக் கண்டிருக்கிறேன். கொடுத்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பெற்றவர்களுக்கு உளியைத் தீட்டக் கற்பித்தவர் எவருமில்லை. காய்ந்த மரத்தை எங்கே பெறுவது, செய்ததை யாரிடம் விற்பது என்பதையும் ஒருவரும் சொல்லவில்லை. “எனக்கு மிசின் தந்தவை, ஃபாதர். வேலை தரேல்லை” என்றார் ஓர் இளைஞர். அவர் சோம்பேறியல்லர். திட்டத்தில் இருந்த குறையையே அவர் சொன்னார்.

ஆதலால் இத்தொழிலில் இறங்குவோர் இயந்திரத்துக்குக் கடன் எடுக்குமுன் மூன்று கேள்விகளுக்கு விடை காணவேண்டும். மரம் எங்கே? கற்பிப்பவர் யார்? வாங்குபவர் யார்?

மரம்

தொடங்குவோருக்கு ஏற்ற இடம் தச்சுப் பட்டறை. அங்கே கழிக்கப்படும் தேக்கு, வேம்பு, பூவரசுத் துண்டுகள் சிறு பொருட்களுக்குப் போதும். வளவு மரமாயினும் எண்ணியபடி தறிக்கலாகாது. 1951 ஆம் ஆண்டின் சட்டம் பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை அனுமதியின்றித் தறிப்பதைத் தடுக்கிறது. பிற மரங்களைத் தறிப்பதற்கும் ஏற்றிச் செல்வதற்கும் என்ன அனுமதி வேண்டும் என்பதைப் பிரதேச செயலகத்தில் முன்கூட்டியே கேட்டறிவது நன்று.

பச்சை மரம் காயும்போது எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. ஆண்டு வளையத்தின் போக்கில் ஏற்படும் சுருக்கம், மையத்திலிருந்து வெளிநோக்கிய சுருக்கத்தைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. இதனால் வட்டமாகக் கடைந்தது சில வாரங்களில் நீள்வட்டமாகிவிடும். இடியப்ப உரலில் இதன் விளைவு உடனே தெரியும்: தண்டு குழியில் இறுகி நிற்கும், அல்லது இடைவெளி விட்டு மாவை மேலே பிதுக்கும். வாங்கிய பெண் அடுத்த முறை கடையிலுள்ள அலுமினிய உரலையே நாடுவார்.

துண்டுகளின் இரு முனைகளிலும் மெழுகு அல்லது பழைய பெயின்ற் பூசி, காற்றோட்டமான நிழலில் அடுக்கிவையுங்கள். ஓர் அங்குலத் தடிப்புக்கு ஓராண்டு என்பது பழைய கணக்கு. மாதந்தோறும் ஒரு துண்டை நிறுத்துப் பாருங்கள். நிறை குறைவது நின்றால் மரம் காய்ந்துவிட்டது. நடுமையம் அடங்கிய துண்டு வெடிக்கும். அதை அடுப்புக்கு விட்டுவிடுங்கள்.

யுத்தம் நடந்த இடங்களின் மரத்தில் இன்னுமொரு ஆபத்து உண்டு. குண்டுச் சிதறல்களை உள்ளே வைத்து மரம் வளர்ந்து மூடியிருக்கலாம். சுழலும் மரத்தில் உளி இரும்பைத் தொட்டால் உளியும் உடையும், ஆளும் காயப்படுவார். கருமை படர்ந்த அல்லது தழும்புள்ள துண்டுகளை ஒதுக்குங்கள்.

பொறியும் வேகமும்

அரைக் குதிரைவலு மோட்டார் வீட்டுப் பட்டறைக்குப் போதும். அது ஏறத்தாழ 375 வாற்று. முழுப் பாரத்தில் நான்கு மணித்தியாலம் ஓடினாலும் ஒன்றரை முதல் இரண்டு அலகு மின்சாரமே செலவாகும். இங்கு கிடைக்கும் பல மோட்டார்கள் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1440 தடவை சுழல்பவை. மோட்டாரில் 2 அங்குலக் கப்பியும் பொறியில் 4 அங்குலக் கப்பியும் பூட்டினால் வேகம் பாதியாகி 720 ஆகும். கரடுமுரடான துண்டை முதலில் இந்த வேகத்திலேயே உருட்டுங்கள். வட்டமானபின் வேகத்தைக் கூட்டலாம். துண்டு எவ்வளவு பருமனோ, வேகம் அவ்வளவு குறைய வேண்டும்.

முதலில் உளிப்பிடி செய்யுங்கள். ஒரு நூறு பிடி கடைந்தால் கை பழகிவிடும். அவற்றைத் தச்சர்களிடமே விற்கலாம். அடுத்தது உருளைக்கட்டை: நீளம் முழுவதும் ஒரே பருமனைக் காப்பது நல்ல பயிற்சி. பின்னர் மத்து, தொட்டிற் கால். இடியப்ப உரலைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். உணவு படும் பொருட்களுக்கு வாணிஷ் வேண்டாம். அரத்தாளால் மினுக்கித் தேன்மெழுகு தேய்த்தால் போதும். உல்லாசப் பயணிகளுக்கான பூச்சாடியில் தொடங்காதீர்கள். அவர்கள் வராத மாதத்தில் அடுப்பு எரியாது.

உடலுக்கு ஊறு வராமல்

பொறியை இயக்குமுன் மரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, எங்கும் தட்டுகிறதா எனப் பாருங்கள். உளியை முதலில் தாங்கியில் ஊன்றிப் பிறகே மரத்தைத் தொடவிடுங்கள். தொங்கும் சேலைத் தலைப்பு, அவிழ்ந்த கூந்தல், சங்கிலி, தளர்ந்த கைச்சட்டை எதுவும் பொறியருகே வரக்கூடாது. கையுறையும் அணியலாகாது, அது சுழலும் மரத்தில் சிக்கிக் கையையே இழுத்துவிடும். முகத்துக்கு மறைப்பு அவசியம்.

மரத்தூளை அற்பமாக எண்ணாதீர்கள். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என 1995 இல் வகைப்படுத்தியது; குறிப்பாக மூக்கையும் அதைச் சூழ்ந்த குழிகளையும் அது தாக்குகிறது. எம் பகுதி முதிரையின் தூள் சிலருக்குத் தோலில் அழற்சியை உண்டாக்கும். கைலேஞ்சியைக் கட்டினால் நுண்தூள் நிற்காது. தூளைத் தடுக்கவென்று செய்யப்பட்ட முகக்கவசமே வேண்டும். பட்டறை வளவில் இருப்பதால் குழந்தைகளும் அத்தூளைச் சுவாசிக்கிறார்கள். படுக்கும் அறைக்கு எட்ட, காற்று வீட்டுக்கு எதிர்ப்புறமாக வீசும் இடத்தில் பொறியை வையுங்கள்.

கணக்கு

பல சிறுதொழில்கள் விழுவது கணக்கிலேயே. பன்னிரண்டு உருளைக்கட்டை கடைந்து, இரண்டு வெடித்துப்போனதாக வைத்துக்கொள்வோம். பன்னிரண்டுக்கான செலவையும் எஞ்சிய பத்தின் மேலேயே போடவேண்டும். மரம், மின்சாரம், அரத்தாள், உளித் தேய்வு, கடன் தவணை ஆகியவற்றோடு உங்கள் உழைப்புக்கும் நாட்கூலி எழுதுங்கள். தம் கூலியைக் கணக்கிலே சேர்க்காதவர், இலாபம் என நினைத்துத் தம் உடலையே விற்றுக்கொண்டிருக்கிறார்.

மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒரு பொறியை வைத்துக்கொள்வது தனித்தனியே கடன்படுவதிலும் மேல். ஒருவர் மரம் காயவைக்கலாம், ஒருவர் கடையலாம், ஒருவர் சந்தைக்குக் கொண்டுபோகலாம். சங்கங்களும் உதவி நிறுவனங்களும் பொறிக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை, கைதேர்ந்த முதிய தச்சர் ஒருவரை ஆறு மாதம் கிராமத்தில் தங்கவைப்பதற்கு ஒதுக்கட்டும். துருப்பிடித்த பொறியைத் திருத்தலாம். அந்த முதியவர்கள் கற்பிக்காமலே மறைந்துபோனால் அவர்களது கைப்பழக்கத்தை மீட்க வழியில்லை. உங்கள் ஊரில் அத்தகைய ஒருவர் இன்னும் இருந்தால், இந்த வாரமே அவரைப் போய்ச் சந்தியுங்கள்.