டயருக்குள் காத்திருக்கும் திரவம்

பஞ்சர் சீலண்ட் என்பது மோட்டார் சைக்கிள் டயருக்குள் முன்கூட்டியே ஊற்றி வைக்கப்படும் கொழகொழப்பான திரவம். ஆணியோ முள்ளோ குத்தினால், காற்று முழுவதும் இறங்குவதற்கு முன் துளையை உள்ளிருந்தே அடைப்பது இதன் வேலை. பைக்குகளில் ஸ்டெப்னி கிடையாது. ஓடும்போது சட்டென்று காற்று இறங்கினால் வண்டியை நிலைநிறுத்துவதும் கடினம். இந்த இரண்டு காரணங்களால்தான் இருசக்கர வாகனக்காரர்கள் இதை நாடுகிறார்கள். பஞ்சரான பிறகு டப்பாவிலிருந்து பீய்ச்சி அடிக்கும் நுரை வேறு வகை. அது பஞ்சர் கடைவரை போய்ச் சேருவதற்கான அவசர உதவி மட்டுமே.

பெரும்பாலான சீலண்டுகளின் அடிப்படை தண்ணீரும் கிளைக்காலும் சேர்ந்த கலவை. கிளைக்கால் அது எளிதில் உலராமல் காக்கிறது. இதில் நுண்ணிய நார்களும் ரப்பர் துகள்களும் மிதக்கின்றன. அவை அடியில் தங்கிவிடாமல் இருக்கக் கெட்டிப்படுத்தும் பசையும், ரிம் அரிபடாமல் இருக்கத் துருத்தடுப்பு மருந்தும் சேர்க்கப்படுகின்றன.

சக்கரம் சுழலும்போது மையவிலக்கு விசை திரவத்தை வெளிப்புறம் தள்ளுகிறது. சாலையைத் தொடும் பகுதியின் உட்பக்கம் முழுவதும் அது ஒரு படலமாகப் பரவுகிறது. துளை விழுந்ததும் உள்ளிருக்கும் காற்றழுத்தம் திரவத்தை அதற்குள் நெட்டுகிறது. மதகின் இடுக்கில் சருகும் குச்சியும் சிக்கி நீரை மறிப்பதுபோல, நார்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ள, ரப்பர் துகள்கள் இடைவெளியை நிரப்புகின்றன. சில சுழற்சிகளில் அடைப்பு இறுகிவிடும்.

இதற்கு எல்லை உண்டு. சாலையில் படும் பகுதியில் சுமார் 6 மில்லிமீட்டர் வரையிலான துளைகளை அடைக்கலாம் என்பதே பல தயாரிப்பாளர்களின் கணக்கு. இரும்புத் தகடோ கண்ணாடியோ கிழித்த நீண்ட வெட்டு அடைபடாது. டயரின் பக்கவாட்டுப் பகுதியும் அப்படித்தான்: சக்கரம் சுழலச் சுழல அது வளைந்து நிமிர்வதால் எந்த அடைப்பும் அங்கே நிலைக்காது.

டியூப்லெஸ் டயரில்தான் சீலண்ட் நன்றாக வேலை செய்யும். தடித்த ரப்பர் ஆணியை இறுகப் பிடித்துக்கொள்வதால் காற்று மெதுவாகவே கசியும். மிச்ச இடைவெளியைத் திரவம் பார்த்துக்கொள்ளும். டியூப் மெல்லியது, விரிந்த நிலையில் இருப்பது. டயரில் பாய்ந்த ஆணி அசைய அசைய டியூப் கிழிந்து, துளை பெரிதாகும். வெளியேறும் காற்று ஸ்போக் துளைகள் வழியாகவும் வால்வு ஓரமாகவும் வேகமாக இறங்கிவிடும். ஆகவே டியூப் டயரில் இதை முழுமையாக நம்ப முடியாது.

ஊற்றும் முறை எளிது. வால்வு, கடிகாரத்தில் 4 அல்லது 8 மணி இருக்கும் இடத்துக்கு வருமாறு சக்கரத்தைத் திருப்பி, வால்வு பின்னைக் கழற்றிக் காற்றை இறக்க வேண்டும். பிறகு குழாய் வழியாகத் திரவத்தைச் செலுத்தி, பின்னைப் பொருத்தி, காற்றடித்து, உடனே சில கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். டயரின் அகலத்துக்கேற்ப அளவு மாறும். பொதுவாக ஒரு சக்கரத்துக்கு 200 முதல் 350 மில்லி வரை தேவைப்படும். குறைந்தால் படலம் முழுமையாகப் பரவாது. மிகுந்தால் வேகத்தில் அதிர்வு தோன்றலாம்.

தொல்லைகளும் உண்டு. வால்விலும் காற்றழுத்தமானியிலும் திரவம் ஒட்டி அடைக்கலாம். அழுத்தம் காட்டும் சென்சார் உள்ள வண்டிகளுக்கு, அதற்கு ஒத்துவரும் வகைதானா என்று பார்த்து வாங்க வேண்டும். மலிவான கலவைகளில் துருத்தடுப்பு போதாமல் ரிம் அரிபடலாம். ஈரப்பசை இருக்கும் இடத்தில் பேட்ச் ஒட்டாது என்பதால், உட்பக்கத்தைக் கழுவித் துடைத்த பிறகே பஞ்சர் ஒட்ட முடியும்.

இவற்றைவிட முக்கியமான ஆபத்து, பஞ்சரானதே தெரியாமல் போவது. ஆணி உள்ளேயே இருக்க வண்டி வழக்கம்போல் ஓடும். டயரின் உள்நூல்கள் சேதமடைந்திருந்தாலும் வெளியே தெரியாது. காற்று சிறுகச் சிறுகக் குறைந்தால் டயர் அதிகமாக நசுங்கிச் சூடேறி, உள்ளமைப்பே கெட்டுவிடும். வாரம் ஒருமுறை காற்றழுத்தத்தையும் டயரின் மேற்பரப்பையும் பார்ப்பது இதனால் அவசியமாகிறது. ஆணி தென்பட்டால் பிடுங்கி, துளை கீழே இருக்கும்படி சக்கரத்தைத் திருப்பி வைத்தால் திரவம் அங்கே இறங்கும். சற்றுத் தூரம் மெதுவாக ஓட்டி மீண்டும் அழுத்தத்தைச் சோதித்துவிட்டு, டயரைக் கழற்றி உட்புறத்தைப் பார்த்து முறையாகச் சரிசெய்வதே பாதுகாப்பு. சீலண்ட் தருவது அதுவரைக்குமான அவகாசம்தான்.

திரவத்தின் ஆயுள் வகையைப் பொறுத்தது. சில இரண்டு ஆண்டுகள்வரை தாங்கும். அதன்பின் உலர்ந்து கட்டிதட்டி, அடைக்கும் திறனை இழக்கும். டயர் மாற்றும்போது ரிம்மைத் தண்ணீரால் கழுவிப் புதிதாக ஊற்ற வேண்டும். எத்திலீன் கிளைக்கால் கலந்த வகைகள் நச்சுத்தன்மை கொண்டவை, இனிப்புச் சுவையும் உள்ளவை. ஆகவே டப்பாவும் கழிவும் குழந்தைகளுக்கும் நாய், மாடுகளுக்கும் எட்டாமல் இருக்க வேண்டும்.